நாடகத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வாருங்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

யாழ்ப்பாணத்தில் சாதாரண தர வகுப்புகளுக்கு நாடகமும் அரங்கியலும், கீழ் வகுப்புகளுக்கு நடனமும் படிப்பித்துவிட்டு, கணவரோடு லண்டன் வந்து சில மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்குள்ள பள்ளிக்கூடங்களில் அதே வேலையைத் தொடரலாமா, இல்லாவிட்டால் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வதுபோலச் சனிக்கிழமைப் பரதநாட்டிய வகுப்போடு ஆறுதல்பட வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடரலாம். நானும் யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் நுண்கலை படித்துவிட்டு வந்தவள்தான். இப்போது ஹரோவில் ஒரு செக்கண்டரிப் பள்ளிக்கூடத்தில் நாடகம் படிப்பிக்கிறேன். நான் கண்டவரையில், நடனத்தை முன்னுக்கு வைத்து வேலை தேடுகிறவர்கள் வீணாக அலைகிறார்கள். நீங்கள் நாடகத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வாருங்கள், நடனம் தானாகப் பின்னால் வரும்.

காரணம் இங்கத்தைய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் நடனம் உடற்கல்விக்குள் அடங்கிவிடுகிறது, நாடகம் ஆங்கிலப் பாடத்துக்குள். இரண்டுக்கும் தனிப்பாடம் என்ற அந்தஸ்து அதில் இல்லை. சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் என்று அழகியல் பாடம் ஒன்றை எடுத்தே தீரவேண்டிய பள்ளிக்கூடங்களில் வளர்ந்த எங்களுக்கு இது கவலையாகத்தான் இருக்கும். ஆனாலும் நாடகத்துக்குத் தனி ஆசிரியர், தனி ஸ்டூடியோ, ஜிசிஎஸ்இ (எங்கள் சாதாரண தரம் போன்ற பரீட்சை) வகுப்பு என்று வைத்திருக்கும் பள்ளிக்கூடங்கள் நிறைய உண்டு. முழுநேர நடன ஆசிரியர் வேலை அதைவிட மிகக் குறைவு. பல இடங்களில் இரண்டையும் சேர்த்து 'பெர்ஃபோமிங் ஆர்ட்ஸ்' என்று ஒரே ஆளைத் தேடுவார்கள். இரண்டும் படிப்பித்த கை உங்களுடையது. விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள்.

நடனத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஏக்யூஏ என்ற பரீட்சை வாரியத்தின் ஜிசிஎஸ்இ நடனப் பாடத்தில் ஆடுவதற்கு 30 வீதம், சொந்தமாக நடனம் அமைப்பதற்கு 30 வீதம், மிகுதி 40 வீதம் எழுத்துப் பரீட்சை. ஆட்டப் பகுதியில் வாரியம் தரும் சில அசைவுத் தொடர்களை எல்லாப் பிள்ளைகளும் அப்படியே ஆட வேண்டும். அவை பரதத்தோடு ஒட்டாதவை, நாமும் புதிதாகப் பழக வேண்டியதுதான். ஆனால் சொந்தமாக அமைக்கும் பகுதியை எந்த நடன வகையிலும் செய்யலாம். வீட்டில் அலாரிப்பு, ஜதீஸ்வரம் வரை ஆடிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றி மூச்சே விடாத எங்கள் பிள்ளைகள் லண்டன் முழுக்க இருக்கிறார்கள். முழங்காலை மடித்து நிற்கும் அந்த அரைமண்டியை அரைமண்டி என்று தெரிந்த ஒரு ரீச்சர் அந்த அறையில் நின்றால் அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! அதற்காகவேனும் நீங்கள் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். இங்கே பிள்ளைகள் கூட்டாகத் தாங்களே ஒரு நாடகத்தை உருவாக்குவதுதான் ஜிசிஎஸ்இயின் முக்கியமான பகுதிகளில் ஒன்று. நான் படிப்பிக்கும் பாடத்திட்டத்தில் அந்தப் பகுதிக்கு மொத்தம் 80 புள்ளி. அதில் மேடையில் செய்து காட்டுவதற்கு 20, எப்படி உருவாக்கினோம், ஏன் அப்படிச் செய்தோம் என்று பிள்ளை எழுதும் குறிப்பேட்டுக்கு 60. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் இங்கே ஆசிரியரின் வேலை என்னவென்று பாதி விளங்கிவிடும்.

ஊரில் பள்ளிக்கூடங்களுக்கிடையே நடக்கும் தமிழ்த்தினப் போட்டிக்கு ஒரு நாடகம் பழக்குவதை நினைத்துப் பாருங்கள். எழுத்துரு ரீச்சருடையது, நெறியாள்கை ரீச்சருடையது, பாட்டுக்கு மெட்டுப் போடுவதும் ரீச்சர்தான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு மண்டபத்தில் ஒத்திகை நடக்கும். எந்த வசனத்தில் எந்தப் பக்கம் திரும்புவது, எந்த இடத்தில் மூச்சு எடுப்பது என்பது வரை நாங்கள் செய்து காட்ட, பிள்ளை அச்சொட்டாக எடுத்துச் செய்யும். கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறித் தேசிய மட்டத்துக்குப் போனால் ஊரே பூரித்துப்போகும். அந்த உழைப்பையும் ஒழுங்கையும் நான் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரு காட்சியைப் பிசகில்லாமல் கட்டி நிறுத்தும் கை அங்கே பழகியதால்தான் எனக்கு வந்தது. ஆனால் அதே முறையில் இங்கே பழக்கினால், மேடையில் பிள்ளை அசத்திவிட்டுக் குறிப்பேட்டில் எழுத ஒன்றுமில்லாமல் இருக்கும். முடிவெடுத்தது நாங்கள், பிள்ளை அல்லவே.

இதற்கு நீங்கள் புதிதாக ஒன்றும் படிக்கத் தேவையில்லை என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. யாழ்ப்பாணத்திலேயே இதற்கான வழி இருந்தது. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியதிலிருந்து அங்கே வளர்ந்த நாடகப் பயிற்சியை எண்ணிப் பாருங்கள். அரங்க விளையாட்டுகள், பட்டறையாக நடக்கும் களப்பயிற்சி, பிள்ளைகளின் வாயிலிருந்து வரும் கதையையே காட்சியாக்குவது, மேடையில் தனி நாயகன் இல்லாமல் உரைஞர் கூட்டமாக நின்று கதை சொல்வது. இங்கே நாடக வகுப்பில் நடப்பது பெரும்பாலும் இதுதான். ஒருவரைக் கதிரையில் இருத்தி, பாத்திரமாகவே பதில் சொல்லவைத்துக் கேள்வி கேட்பதை நீங்கள் செய்திருக்கிறீர்கள். சிலைபோல உறைநிலையில் நிற்பவரின் தோளைத் தொட்டு அவர் மனதில் ஓடுவதைச் சொல்லவைப்பதும் செய்திருப்பீர்கள். போட்டிக் காலம் வந்தால் நாங்கள் இதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிடுவோம். இங்கே அதை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள், பதின்மூன்று பதினான்கு வயது. ஸ்டூடியோத் தரையில் வெள்ளை டேப்பால் வட்டம் ஒட்டி, மட்டக்களப்பில் கூத்து ஆடும் வட்டக்களரி மாதிரி எல்லாரையும் சுற்றிவர இருத்தினேன். எங்கள் கூத்தில் ராசா சும்மா வந்து நின்றுவிடமாட்டார், முதலில் கட்டியகாரன் வந்து அவர் வரப்போவதைச் சபைக்கு அறிவிப்பான், பிறகுதான் ராசா வரவுப் பாட்டோடு ஆடிக்கொண்டு வருவார் என்று சொன்னேன். உங்கள் ராசா யார் என்று நீங்களே முடிவெடுங்கள் என்று விட்டுவிட்டேன். ஒரு பெடியன் எழும்பினான். வட்டத்தை ஒருமுறை சுற்றி வந்து, இரண்டு கையையும் விரித்து, 140 ஆம் இலக்க பஸ் எழுந்தருளுகிறது, எல்லாரும் விலகுங்கள் என்று முழங்கினான். காலையில் அவர்களைக் காக்கவைக்கும் பஸ் அது. அவ்வளவுதான், நாலைந்து பேர் பாய்ந்து வந்து பஸ் ஆனார்கள். ஒருத்தி சாரதி. ஒருத்தன் கதவு, ஆள் ஏற ஏறத் திறந்து மூடிக்கொண்டே நின்றான். இன்னொருத்தி குழந்தை வண்டிலோடு ஏறப் பார்க்கும் தாய். நான் 'தையா தை' என்று பரதத்தின் தட்டடவுச் சொல்லைச் சொல்லிக் கையைத் தட்ட, பஸ் அந்தத் தாளத்தில் வட்டத்தைச் சுற்றியது. தாளம் நின்றதும் எல்லாரும் உறைநிலை. தாய் மட்டும் வெளியே.

பிறகு ஜிசிஎஸ்இக்குப் பழக்கமாகக் குறிப்பேடு எழுதச் சொன்னேன். கட்டியகாரப் பெடியன் மூன்று வரியோடு பேனையை வைத்துவிட்டான். பக்கத்தில் போய் இருந்து கேட்டேன். ஏன் பேசுவதற்கு முதல் வட்டத்தைச் சுற்றினாய்? எல்லாரும் தன்னைப் பார்த்த பிறகு பேசத்தான். கதவுக்கு ஏன் ஒரு ஆள்? ஏற முடியாமல் விடுபடுகிறவரைக் காட்ட. அதையே எழுது என்றேன். அவர்கள் ஜேர்மன் நாடகாசிரியர் பிரெக்டைப் படிக்கும்போது, பார்வையாளரோடு நேரே பேசுவது, இது நாடகம்தான் என்று நினைவூட்டிக்கொண்டே கதை சொல்வது என்பதெல்லாம் வரும். கட்டியகாரனைக் கண்ட பிள்ளைக்கு அது வாய்ப்பாடமாக இருக்காது. கூத்து எங்கள் பெருமைக்காக வகுப்புக்கு வந்த ஒன்று இல்லை, அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

பெரிய மேடையேற்றமும் வரும். அநேகமான பள்ளிக்கூடங்கள் வருடத்துக்கு ஒன்றாவது போடும், பெரும்பாலும் பாட்டு நாடகம். யாழ்ப்பாணத்துத் திருமறைக் கலாமன்றம் போடும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் திருப்பாடுகளின் நாடகத்தில் கூட்டத்தில் ஒருத்தியாகவாவது நின்றிருக்கிறீர்கள் என்றால், அத்தனை பேரை எப்படி உள்ளே வெளியே விடுவது என்ற அறிவு உங்களிடம் இருக்கிறது. நேர்முகத்தில் அதைச் சொல்லுங்கள்.

ஒழுங்கு பற்றிப் பயப்படுகிறீர்கள். பிள்ளைகள் எதிர்த்துக் கதைப்பார்கள், அது உண்மை. இங்கே அரச பள்ளிக்கூடங்களில் 1987 இலிருந்து அடி முற்றாகத் தடை. குரலை உயர்த்துவதும் அதிகம் பலிக்காது. எழுதிவைத்த ஒழுங்குவிதி பள்ளிக்கூடத்துக்கு இருக்கும், அதைப் படியாகப் பின்பற்றினால் போதும். நடன ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: பிள்ளையின் முழங்கையையோ முதுகையோ பிடித்துத் திருத்தும் எங்கள் வழக்கம். தொடவே கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் பள்ளிக்கூடத்தின் விதியை முதலில் கேட்டறியுங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள். நான் பக்கத்தில் நின்று செய்து காட்டி, கண்ணாடியைப் பார்த்துத் தானே திருத்தச் சொல்கிறேன். நேரம் கூடப் பிடிக்கும், நிலை பிறகு குலையாது.

ஆங்கிலம் தடையாகிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். நாடக அறையில் ஆசிரியர் சொல்லும் கட்டளைகள் திரும்பத் திரும்ப வருபவை, ஒரு தவணை காதில் விழுந்தால் பிடித்துவிடும். கடினம் எழுத்தில்தான். குறிப்பேடு திருத்த வேண்டும், பெற்றோருக்கு அறிக்கை எழுத வேண்டும். அதற்கு இப்போதே மாலை வகுப்பு ஒன்றில் சேருங்கள்.

வழி என்று பார்த்தால், முதலில் உதவி ஆசிரியராக நுழையுங்கள். ஏஜென்சி மூலம் கிடைக்கும், சம்பளம் குறைவு, ஆனால் பள்ளிக்கூடம் எப்படி மூச்சு விடுகிறது என்று உள்ளே இருந்து பார்க்கலாம். கூடவே பட்டத்தை, வெளிநாட்டுத் தகுதிகளை ஒப்பிட்டுச் சொல்லும் யூகே ஈநிக் மூலம் மதிப்பிடுவியுங்கள். கியூடிஎஸ் என்ற ஆசிரியத் தகுதிதான் இறுதி இலக்கு. வெளிநாட்டில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் அது இல்லாமலே 4 வருடம் வரை படிப்பிக்க வழி இருக்கிறது. விதி மாறக்கூடியது, விண்ணப்பிக்கும் நாளில் அரசின் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள். பிஜிசிஇ என்ற ஆசிரியப் பயிற்சிப் படிப்புக்குப் போவதென்றால் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜிசிஎஸ்இ 4 ஆம் தரத்துக்கு நிகரான தகுதி கேட்பார்கள். சாதாரண தரப் பெறுபேறுகளையும் சேர்த்தே மதிப்பீட்டுக்குக் கொடுங்கள்.

ஊரில் இருந்து எடுக்க வேண்டியவற்றை இப்போதே தம்பியிடம் சொல்லி எடுப்பியுங்கள்: பல்கலைக்கழகத்தின் முழுப் பாடப் புள்ளி விவரம் ஆங்கிலத்தில், ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ், அதிபரின் சேவைக் கடிதம், பொலிஸ் றிப்போட். இங்கே டிபிஎஸ் என்ற குற்றப்பதிவுச் சோதனை தனியாக நடக்கும். வட இலங்கைச் சங்கீத சபையின் நடனப் பரீட்சைச் சான்றிதழை எங்கள் பெற்றோர் உடனே மதிப்பார்கள். பள்ளிக்கூடத்தாருக்கு அது என்ன பரீட்சை, எத்தனை தரம் கொண்டது என்று ஒரு வரி எழுதி இணைக்க வேண்டும். சனிக்கிழமை வகுப்பும் நடத்துங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. ஐஎஸ்டிடி என்ற இங்கத்தைய நடன ஆசிரியர் நிறுவனம் பரதநாட்டியத்துக்குப் பரீட்சை நடத்துகிறது. அந்தப் பாடத்திட்டத்தைப் படித்து வைத்தால் இரண்டு பக்கமும் உதவும்.

இந்தக் கிழமையே ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள மூன்று நான்கு பள்ளிக்கூடங்களின் நாடகத்துறைக்கு மின்னஞ்சல் போட்டு, ஒரு நாள் வந்து வகுப்பைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எல்லாரும் பதில் போடமாட்டார்கள், ஒருவர் போட்டால் போதும். உங்கள் சீவியை எனக்கு அனுப்பிவிடுங்கள். பார்த்து, கூத்தும் களப்பயிற்சியும் எந்த இடத்தில் வரவேண்டும் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா