இன்று ஒதுக்கப்பட்ட ஆல்பத்துக்கு நாளை மரியாதை கிடைக்குமா?

கேள்வி: அன்புள்ள அண்ணே, நான் தேவகோட்டைக்காரன், வயது 24. எங்கள் அப்பத்தாவும் தெருவில் உள்ள ஆச்சிமார்களும் பாடும் தாலாட்டையும் கல்யாணப் பாட்டையும் பதிவு செய்து, சிந்தசைசர், டிரம் மெஷின் எல்லாம் சேர்த்து, நானும் இரண்டு நண்பர்களும் ஏழு பாட்டு கொண்ட ஒரு ஆல்பத்தைப் போன வருஷம் இணையத்தில் வெளியிட்டோம். கேட்டவர்கள் சொற்பம். கேட்டதில் ஒருவர் ‘நல்ல பாட்டை மெஷின் சத்தத்தில் புதைத்துவிட்டார்கள்’ என்று எழுதினார். அப்பச்சி சென்னைக் கடைக்கு வந்துவிடு என்கிறார். வெளிவந்தபோது திட்டு வாங்கிப் பிற்பாடு கொண்டாடப்பட்ட ஆல்பங்களைப் பற்றிப் படித்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். எங்களுக்கும் அப்படி ஒரு காலம் வருமா, இல்லை மொத்தத்தையும் அழித்துவிடலாமா?

பதில்: தம்பி, அழிக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

நீங்கள் அனுப்பிய ஏழு பாட்டையும் கேட்டேன். எழுதியவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மூன்றாவது பாட்டில் அப்பத்தா ‘ஆராரோ’ என்று இழுத்துவிட்டு மூச்சு வாங்குகிறாரே, அந்தப் பாட்டின் உயிரே அங்கேதான், சரியாக அந்த இடத்தில் டிரம் ஏறி வந்து குரலை அமுக்கிவிடுகிறது. தாலாட்டுக்கு ஏற்கெனவே ஒரு தாளம் உண்டு, தொட்டில் ஆடுகிற தாளம், பாடுகிறவர் மூச்சுக்குத் தக்கபடி கொஞ்சம் நீளும், கொஞ்சம் குறுகும், அதைப் பிடித்து மெஷினின் கணக்குக்குள் நிறுத்தினால் பாட்டு விறைத்துப்போகும். ஆனால் ஐந்தாவதாக வரும் கல்யாணப் பாட்டில் சிந்தசைசர் அடியில் ஒரே சுருதியாக நின்று ஆச்சிமார் குரலுக்கு இடம் விடுகிறது. அது எனக்கு ரொம்பவும் பிடித்தது. அந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் படித்த மாதிரி ஆல்பங்கள் நிஜமாகவே உண்டு. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற அமெரிக்க ராக் குழு, பாடகி நிகோவோடு சேர்ந்து 1967-ல் போட்ட முதல் ஆல்பம் அப்போது அமெரிக்க விற்பனை வரிசையில் 171-ஆம் இடத்துக்கு மேல் ஏறவே இல்லை. இன்றைக்கு அதை விட்டுவிட்டு ராக் இசையின் வரலாற்றை யாரும் எழுத முடியாது. ஆனால் இந்தப் பட்டியல்களில் கரையேறியவை மட்டும்தான் இருக்கும், முங்கிப்போனவற்றுக்கு யாரும் பட்டியல் போடுவதில்லை. நம் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர், 1935-ல் எடுத்த ‘அல்லி அர்ஜுனா’, ‘ரத்னாவளி’ இரண்டும் அவர் கையைக் கடித்தன. அந்தப் படங்களுக்குப் பிற்பாடும் எந்த மரியாதையும் வந்து சேரவில்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை, அடுத்ததை எடுத்தார்.

உங்களுக்கு நெருக்கமான உதாரணம் சரண்ஜித் சிங். பம்பாயில் இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த கலைஞர். 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் டிபி-303 என்ற பேஸ் மெஷினையும் டிஆர்-808 என்ற டிரம் மெஷினையும் ஒரு சிந்தசைசரையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ஆல்பம் செய்தார். பெயர் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. பூபாலி, மால்கவுன்ஸ் எல்லாம் அதில் உண்டு, நம் கர்நாடக சங்கீதத்தில் மோகனம், இந்தோளம் என்கிறோமே, அதே ஸ்வரங்கள். தட்டு விற்கவில்லை, எல்லோரும் மறந்தும் போனார்கள். அந்த டிபி-303 மெஷினுக்கும் அதே கதிதான், பேஸ் கிடார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காகச் செய்தது, கிடார் மாதிரி ஒலிக்கவே இல்லை, சில வருஷத்தில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் விலைக்கு வந்த அந்த மெஷினின் குமிழ்களைச் சிகாகோ இளைஞர்கள் முறுக்கித் திருகி 1987-ல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற தட்டைக் கொண்டுவந்தார்கள், ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகை அதிலிருந்து பரவியது. கிட்டத்தட்ட அதே ஒலியை அவர்களுக்கு ஐந்து வருஷம் முன்பே பம்பாயில் ஒருவர் வாசித்து வைத்திருக்கிறார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

பிறகு எப்படித் தெரிந்தது? எடோ பௌமன் என்ற டச்சுக்காரர், பழைய தட்டுகளைத் தேடிச் சேர்க்கிறவர், 2002-ல் டெல்லியில் இந்தத் தட்டைக் கண்டெடுத்தார். அட்டையில் பெயர் இருந்ததால் வாசித்தவரை மும்பையில் தேடிப் பிடித்தார், 2010-ல் மறுபடி வெளியிட்டார். சரண்ஜித் சிங் 2015-ல் காலமாவதற்கு முன் ஐரோப்பாவுக்குப் போய் அதே ராகங்களை மேடையில் வாசித்தார். நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆக, காலம் தானாக அந்த ஆல்பத்தைத் தூக்கிவிடவில்லை. தட்டு ஒன்று மிச்சம் இருந்தது, அதில் பெயர் இருந்தது, தேடுகிற ஒரு ஆள் வந்தார். மூன்றாவது நம் கையில் இல்லை, முதல் இரண்டும் முழுக்க நம் கையில்தான். நிக் டிரேக் என்ற ஆங்கிலேயப் பாடகர் 1974-ல் 26 வயதில் இறந்தபோது அவருடைய ஆல்பங்களை வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். அவரை வளர்த்த தயாரிப்பாளர் ஜோ பாய்ட் தன் நிறுவனத்தைக் கைமாற்றும்போது, டிரேக்கின் தட்டுகளை ஒருபோதும் விற்பனையிலிருந்து நீக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார். அதனால்தான் பல வருஷம் கழித்து ஒரு கார் விளம்பரத்தில் ‘பிங்க் மூன்’ பாட்டைக் கேட்டவர்கள் கடைக்குப் போனபோது ஆல்பம் அங்கே கிடைத்தது. ரோட்ரிகஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் கதை வேறு மாதிரி. 1970-ல் வந்த ‘கோல்ட் ஃபேக்ட்’ அமெரிக்காவில் எடுபடவில்லை, தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு வீடு ஓடியது, அவருக்கோ அது தெரியாது. பாடியவர் யார், இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் ரசிகர்கள் பாட்டு வரியில் வந்த ஒரு ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு அவரைத் தேட வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் ஆல்பத்தின் விவரக் குறிப்பைப் பாருங்கள். உங்கள் மூன்று பேர் பெயரும் இருக்கிறது, பாடியவர்கள் என்ற இடத்தில் ‘ஊர்ப் பெண்கள்’ என்று மட்டும் இருக்கிறது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது இதுதான், விமர்சனத்தில் உங்களைத் திட்டியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் லேபிள் உரிந்துபோன இசைத்தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள், யார் பாடியது என்று தெரியாத தட்டைச் சுவரில் மாட்டத்தான் வாங்குகிறார்கள். அந்த ஆச்சிமார் ஒவ்வொருவரிடமும் கேட்டு, சம்மதம் வாங்கி, பெயர், பிறந்த ஊர், புகுந்த ஊர், பாட்டை யாரிடம் கற்றார்கள், எந்த வீட்டில் எப்போது பதிவு செய்தீர்கள் எல்லாவற்றையும் எழுதிச் சேருங்கள். அப்பத்தாவின் குரலை மட்டும், டிரம் எதுவும் சேர்க்காமல், தனிப் பதிவாக வைத்திருக்கிறீர்கள்தானே? அதைச் சுருக்காத வேவ் ஃபைலாக இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றைத் தேவகோட்டை வீட்டிலும் மற்றதை வேறு ஊரிலும் வையுங்கள். உங்கள் இசை நிற்குமோ நிற்காதோ, அந்தக் குரலைத் தேடி ஒருவர் வருவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அழிப்பது பற்றி இன்னும் ஒன்று. வீசர் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘பிங்கர்டன்’ ஆல்பம் 1996-ல் வந்தபோது ரோலிங் ஸ்டோன் இதழின் வாசகர்கள் அந்த வருஷத்தின் மோசமான ஆல்பங்களில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள், பாடிய ரிவர்ஸ் குவோமோவே பிறகு அதை நினைத்துக் கூசினார். அதே குழு 2010-ல் ஊர் ஊராகப் போய் அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தது. வெட்கத்தில் இருக்கும்போது தன் வேலையைப் பற்றித் தானே தீர்ப்பு எழுதக் கூடாது.

கடைக்குப் போங்கள். ரோட்ரிகஸ் டெட்ராய்ட்டில் கட்டட வேலை பார்த்தவர்தான், அதனால் அவர் பாட்டு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் கிளம்புவதற்கு முன் அப்பத்தாவிடம் இன்னும் என்னென்ன பாட்டு இருக்கிறது என்று உட்கார்ந்து கேட்டு, அவருக்கு நேரம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். மூன்றாவது பாட்டை டிரம் இல்லாமல் மறுபடி கலந்து எனக்கு அனுப்புங்கள், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.