14 மணி நேர இரவு விமானம்: அம்மாவின் கால்களுக்காக என்ன வாங்க வேண்டும்?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அடுத்த மாதம் என்னைப் பார்க்கத் தனியாக 14 மணி நேர இரவு விமானத்தில் வருகிறார், இதுதான் முதல் விமானப் பயணம். நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தாலே கால் வீங்கிவிடும். டிக்கெட் ஏஜென்ட், "இவ்வளவு நேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து" என்று சொல்லி, பயணத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு டிக்கெட், ஃப்ளைட் சாக்ஸ், ஆஸ்பிரின், வீல்சேருக்குத் தனிக் கட்டணம் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். எதையெல்லாம் வாங்குவது?

பதில்: இப்போதைக்கு அந்தப் பட்டியலில் எதையும் வாங்காதீர்கள். ஒன்றே ஒன்று, சாக்ஸ் மட்டும் ஒருவேளை தேவைப்படலாம், அதையும் ஏஜென்ட் சொல்லி வாங்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், கால் வீங்குவது வேறு, ரத்தம் உறைவது வேறு. இதயம் ரத்தத்தைக் கீழே தள்ளிவிடும், ஆனால் அது காலிலிருந்து மேலே ஏறி வர வேண்டுமென்றால் கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி அதைப் பிழிந்துவிட வேண்டும். நடக்கும்போது இது தானாக நடக்கிறது. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் அந்த வேலை நின்றுபோய், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பாதத்திலும் கணுக்காலிலும் தேங்குகிறது. கட்டைவிரலால் முன்னங்கால் எலும்பின் மேல் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் மாவில் அழுத்தினது போல ஒரு குழி விழுந்து மெதுவாக மேலே வரும், அதுதான் இந்த நீர். இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், வலி பெரிதாக இருக்காது, இறங்கி நடந்து ஓரிரு இரவு படுத்துத் தூங்கினால் வடிந்துவிடும். அம்மாவுக்கு பஸ்ஸில் வருவது பெரும்பாலும் இதுதான். பஸ் பயணம் இல்லாத நாளிலும் தினமும் வீங்குகிறது என்றால் அது இதயம், சிறுநீரகம் பார்க்க வேண்டிய விஷயம், பயணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ரத்தம் உறைவது உண்மையான ஆபத்துதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இரண்டு மடங்கு என்றதும் பயமாக இருக்கும். அதே ஆய்வு, ஆரோக்கியமானவர்களில் 6,000 பேருக்கு ஒருவர் என்றும் சொல்கிறது, அந்த இரண்டாவது எண்ணை விற்பவர்கள் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. அம்மாவுக்கு வயது கூட என்பதால் கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பே ஒருமுறை ரத்தம் உறைந்தவர், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் என்றால் கதை வேறு, அவர்கள் தங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

இது விமானத்தோடு பிறந்த நோயும் இல்லை. 1940இல் லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது மக்கள் இரவு முழுக்கப் பதுங்கிடங்களில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தே தூங்கினார்கள். அவர்களில் சிலர், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து இறந்துபோனதை கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் அந்த ஆண்டே எழுதினார். நாற்காலியின் முன்பக்கச் சட்டம் தொடையின் அடியில், முழங்கால் மடிப்புக்குப் பக்கத்தில் அழுத்திக்கொண்டே இருந்தது. விமான இருக்கையின் விளிம்பும் அதே இடத்தில்தான் அழுத்துகிறது, உயரம் குறைந்தவர்களுக்குப் பாதம் தரையில் சரியாகப் பதியாததால் இன்னும் கூடுதலாக. அம்மா குள்ளம் என்றால் ஒரு சிறிய கைப்பையைக் காலுக்கு அடியில் வைத்துப் பாதம் பதியும்படி செய்யச் சொல்லுங்கள்.

சரி, இப்போது அந்த இரண்டு டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. பயணத்தை இரண்டாகப் பிரித்தால் ஆபத்து பாதியாகிவிடும் என்பது சரியல்ல, குறுகிய காலத்தில் அடுத்தடுத்து விமானம் ஏறுவதும் ஆபத்தைக் கூட்டும் என்பதைத்தான் அதே ஆய்வு காட்டியது. இடையில் காத்திருக்கும் நேரத்தில் அம்மா நடக்கப் போகிறாரா? இரும்பு நாற்காலியில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காரத்தான் போகிறார். இதைவிடப் பெரிய கேடு, அந்த இரண்டு டிக்கெட்டும் தனித்தனிப் பதிவு. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, டிக்கெட் போனது போனதுதான். பெட்டியை இடையில் எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கலாம், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டியிருக்கலாம், முதல் பதிவில் கேட்ட வீல்சேர் இரண்டாவது பதிவுக்குப் போகாது. 67 வயதில், மொழி தெரியாத விமான நிலையத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு இதையெல்லாம் ஒரு அம்மா தனியாகச் சமாளிக்க வேண்டுமா? ஒரே விமானத்தில் உட்கார்ந்து வரட்டும். அது கிடைக்கவில்லை, மாறித்தான் வர வேண்டும் என்றால் ஒரே பதிவு எண்ணில் இரண்டு விமானமும் இருக்கிறதா, பெட்டி கடைசி ஊர் வரை போகுமா என்று இரண்டு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். நேராகப் பதில் வரவில்லையென்றால் அந்த ஏஜென்டிடம் வாங்காதீர்கள்.

வீல்சேருக்கு விமான நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது நிறுவனத்திடமே நேராகச் சொல்லிப் பதிவில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பதிவில் டபிள்யூ.சி.எச்.ஆர். என்று இருந்தால் படி ஏறுவார், நீண்ட தூரம் நடக்க முடியாது என்று அர்த்தம். எஸ். என்று முடிந்தால் படியும் ஏற மாட்டார், சி. என்று முடிந்தால் இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அம்மாவுக்கு முதலாவதுதான் வேண்டும். தெரியாமல் மூன்றாவதைப் போட்டுவிட்டு, கடைசி நிமிடத்தில் "இவர் தனியாகப் பயணம் செய்யத் தகுதியானவர்தானா, மருத்துவர் சான்று எங்கே" என்று கவுன்டரில் நிறுத்திவைத்த கதையை என் நோயாளிகளே வந்து சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நாற்காலி கிடைத்தது என்பதற்காக அம்மா எல்லா இடத்திலும் அதிலேயே உட்கார வேண்டாம், ஏறும் வாசலில் காத்திருக்கும்போது எழுந்து பத்து நிமிடம் நடக்கட்டும்.

ஆஸ்பிரின் வேண்டாம். பயணத்தில் வரும் ரத்த உறைவைத் தடுக்க அதை மட்டும் நம்பிக் கொடுப்பது பரிந்துரைக்கப்படுவதில்லை, வயிற்றில் ரத்தக் கசிவு வரும் ஆபத்து வேறு. இதயத்துக்காக ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்தவும் வேண்டாம். மாத்திரை எழுதிக் கொடுக்க டிக்கெட் விற்பவர் யார்? கோபம் வருகிறது, மன்னிக்கவும், ஆனால் இதைக் கேட்க ஆள் இல்லாமல்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

இப்போது சாக்ஸ். சரியான அளவில், முழங்காலுக்குக் கீழ் வரை வரும் அழுத்தக் காலுறை வீக்கத்தைக் குறைக்கும், அறிகுறி தெரியாத சிறு ரத்தக்கட்டிகளையும் குறைக்கும், இது ஆய்வுகளில் நன்றாகவே தெரிந்த விஷயம். ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பல வருடச் சர்க்கரையில் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் சுருங்கியிருக்கலாம். ஏற்கெனவே ரத்தம் குறைவாகப் போகும் காலில் இறுக்கமான உறையை மாட்டினால், போகும் கொஞ்ச ரத்தத்தையும் நாமே தடுத்துவிடுகிறோம். அதோடு நரம்பு மரத்துப்போயிருந்தால் இறுக்குகிறது, உறுத்துகிறது என்பதே அவருக்குத் தெரியாது, 14 மணி நேரம் கழித்துக் கழற்றும்போதுதான் தோலில் புண் இருப்பது தெரியும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் வலி வந்து நின்றால் போகிறதா, பாதம் எப்போதும் சில்லென்று இருக்கிறதா, தோல் பளபளப்பாகி முடி உதிர்ந்திருக்கிறதா, சின்னக் காயம் ஆற வாரக்கணக்கில் ஆகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் சாக்ஸ் வேண்டாம். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாலும், மருத்துவர் ஒருமுறை பாதத்தின் மேலும் கணுக்காலின் உட்புறமும் நாடி பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடும் சோதனை ஒன்று உண்டு, ஆனால் சர்க்கரை நோயாளிகளில் தமனிச் சுவர் கெட்டிப்பட்டிருந்தால் அடைப்பு இருந்தும் அந்தச் சோதனை 'நன்றாக இருக்கிறது' என்று காட்டிவிடும். அதனால் காகிதத்தில் எண் சரியாக இருக்கிறது என்று மட்டும் திருப்திப்படாமல், தேவைப்பட்டால் கால் விரலில் அழுத்தம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

மருத்துவர் சரி என்றால், காலையில் எழுந்தவுடன், வீக்கம் இல்லாத நேரத்தில், கணுக்காலையும் கெண்டைக்காலையும் டேப்பால் அளந்து அந்த அளவுக்கு வாங்குங்கள். செருப்பு அளவை மட்டும் கேட்டுக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். மேல் ஓரம் சுருண்டு இறங்கினால் கயிறு கட்டினது போலாகிவிடும், அதை அம்மாவுக்குக் காட்டிக் கொடுங்கள்.

உண்மையில் நீங்கள் பணம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் நடைபாதை ஓர இருக்கை. அதற்கும் தனியாகக் காசு கேட்கிறார்கள், காலை நீட்ட முடியாத இருக்கையை விற்றுவிட்டு எழுந்து நிற்கும் வசதிக்கு இன்னொரு கட்டணம் என்பது எனக்குச் சற்றும் ஏற்புடையதில்லை, இருந்தாலும் கொடுத்துவிடுங்கள். காரணம் இதுதான்: ஜன்னலோரம் உட்கார்ந்த அம்மா, விளக்கை அணைத்த பிறகு, பக்கத்தில் தூங்கும் இரண்டு அந்நியர்களை எழுப்ப மாட்டார். எழுப்பக் கூச்சப்பட்டுக் கழிவறைக்குப் போக மாட்டார். கழிவறைக்குப் போக வேண்டாமே என்று தண்ணீரே குடிக்க மாட்டார். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும், வாயும் தொண்டையும் காய்ந்துபோய், கால் அசையாமல், விடியும்வரை அப்படியே இருப்பார். ஓர இருக்கையில் இருந்தால் யாரையும் கேட்காமல் எழுந்து போகலாம். கழிவறைக்கு ஒவ்வொரு முறை போய் வருவதும் ஒரு நடைதான்.

விழித்திருக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை உயர்த்தி இறக்கி, பிறகு விரல்களை உயர்த்தி இறக்கி, இருபது தடவை. தையல் மெஷின் மிதித்தவர் என்றால் 'அதே மாதிரி மிதி' என்றால் புரிந்துகொள்வார். தூக்கம் வந்தால் தாராளமாகத் தூங்கட்டும், ஆனால் தூக்க மாத்திரை வேண்டாம், அது உடம்பைப் புரளவிடாமல் போட்டுவிடும். தளர்வான செருப்பு போட்டு வரட்டும், ஷூவைக் கழற்றினால் இறங்கும்போது கால் உள்ளே போகாது. சர்க்கரை மாத்திரை கைப்பையில், மருந்துச் சீட்டோடு.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது, அதற்குச் செலவு கிடையாது. கிளம்புகிற நாள் காலையில் முழங்காலுக்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி, இரண்டு கெண்டைக்காலின் சுற்றளவையும் அளந்து ஒரு சீட்டில் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள். வந்த பிறகு ஒரு கால் மட்டும் மற்றதைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் பெருத்திருந்தால், அல்லது அளவு எப்படியிருந்தாலும் ஒரு கெண்டைக்கால் சூடாக, தொட்டால் வலியாக இருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல் என்றால் ஆம்புலன்ஸ்தான், காத்திருக்க வேண்டாம். இது இறங்கிய அன்றே வரும் என்றும் இல்லை, சில வாரம் கழித்தும் வரலாம், அதற்குள் பயணமே எல்லோருக்கும் மறந்திருக்கும். அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமே "இத்தனை நாளைக்கு முன்னால் 14 மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்தேன்" என்று இருக்கட்டும், அதை அந்தச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.