உலக வேலையில் இருந்துகொண்டே ஊழியமும் பக்தியும் முடியுமா?

கேள்வி கேட்டவர் மென்பொருள் வேலையில் இருக்கிறார். வாரக் கடைசி முழுக்க வாலிபர் ஊழியம். இரண்டு பக்கமும் இழுபடுவதால் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கே போய்விடலாமா என்று கேட்கிறார். நான் போதகர் இல்லை. 17 வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை, அதில் 12 வருடமாக ஞாயிறு பள்ளி ஆசிரியர்.

முதலில் என் வண்டவாளத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாதக் கடைசி, கணக்கு முடிக்கும் நாள். வங்கி அறிக்கையையும் எங்கள் பேரேட்டையும் ஒத்துப் பார்க்கிற வேலை என்னுடையது. ஆனால் அன்று மதியம் நான் செய்துகொண்டிருந்தது, விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நாடகம் எழுதுவது. அலுவலக நேரத்தில், அலுவலகக் கணினியில். கர்த்தருடைய வேலைதானே என்று மனசாட்சியும் கம்மென்று இருந்தது. நடுவில் அவசரமாக ஒரு தொகையை இரண்டு தடவை பதிந்துவிட்டு, 6 மணிக்கு ஒத்திகைக்கு ஓடிவிட்டேன். கணக்கு ஏன் உதைக்கிறது என்று புரியாமல் பக்கத்து மேசைக்காரர் இரவு 11 மணி வரை வரிவரியாகத் தேடியிருக்கிறார்.

மறுநாள் அவர் கோபப்படவே இல்லை. அந்த வரியில் மட்டும் மஞ்சள் அடித்த தாளை என் மேசையில் வைத்துவிட்டு, “நீங்க ஜெபம் பண்ற ஆளுன்னு உங்க ஷீட்டை நான் திருப்பிப் பார்க்கறதே இல்லை சார். இனிமே பார்க்கணும் போல” என்றார். நான் எழுதிக்கொண்டிருந்த நாடகம் எது தெரியுமா? தாலந்து உவமை, எஜமான் வேலைக்காரரிடம் பணத்தை ஒப்படைத்துவிட்டுப் பிறகு கணக்குக் கேட்கிற இயேசுவின் கதை. ‘கொஞ்சத்திலே உண்மையாயிருந்தாய்’ என்று எஜமான் சொல்வாரே, அதுதான்.

அதன் பிறகுதான் கொலோசெயர் 3-ஆம் அதிகாரத்தை ஒழுங்காகப் படித்தேன். ‘எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்’ என்கிற வசனத்தை நாம் காலண்டரில் போட்டு மாட்டுகிறோம். அது பிரசங்கிமாருக்கு எழுதியதல்ல, அடிமைகளாக வேலை செய்தவர்களுக்கு எழுதியது. தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் இருக்கிற சொல்லைக் கவனியுங்கள்: பார்வைக்கு ‘ஊழியஞ்செய்யாமல்’ உண்மையாய் ‘ஊழியஞ்செய்யுங்கள்’. எஜமான் வீட்டு வேலைக்கும் அங்கே ஊழியம் என்றுதான் பெயர். மைக் பிடிப்பதற்கும் ஜெபக்கூட்டம் நடத்துவதற்கும் மட்டும் அந்தச் சொல்லை ஒதுக்கி வைத்துக்கொண்டது நாம்தான்.

இன்னொன்று. நீங்கள் வேலை, ஊழியம் என்று இரண்டைச் சொல்கிறீர்கள். என் அனுபவத்தில் அவை மூன்று. தேவனோடு தனியாக உட்காருவது என்று ஒன்று இருக்கிறது, அதை நாம் சத்தமில்லாமல் ஊழியக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். பாடம் தயாரிக்க வேதத்தைத் திறப்பதும் எனக்காகத் திறப்பதும் ஒன்றல்ல. பல மாதங்கள் அடுத்த ஞாயிறு என்ன பேசலாம் என்று தேடுவதற்கு மட்டுமே நான் வேதம் வாசித்திருக்கிறேன். மார்த்தாளை நினைத்துப் பாருங்கள். லூக்கா 10-இல் அவள் ஓடியாடிச் செய்தது உலக வேலையே இல்லை. இயேசு வீட்டுக்கு வந்திருக்கிறார், அவருக்குத்தான் செய்கிறாள். அதிலேயே அவள் தடுமாறிப்போனாள். என்னைக் கேட்டால், தனி ஜெபத்தை அதிகமாகத் தின்றது ஆபீஸ் இல்லை, சபைக் கமிட்டிகள்தான். இதைச் சொன்னால் எங்கள் சபையில் சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

முழுநேரமா பகுதிநேரமா என்பதில் பவுலின் கதை கொஞ்சம் ஆறுதல் தரும். கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரம் செய்கிற தொழில் பார்த்தார், ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் பேசினார். மக்கெதோனியாவிலிருந்து சீலாவும் தீமோத்தேயுவும் வந்து சேர்ந்ததும் வசனத்தைப் போதிப்பதிலேயே முழுமூச்சாக இறங்கினார் (அப்போஸ்தலர் 18). ஒரே ஊர், ஒரே ஆள், இரண்டு விதமான காலம். எபேசு சபை மூப்பர்களிடம் விடைபெறும்போது, தன் தேவைகளுக்கு உழைத்தது ‘இந்தக் கைகளே’ என்று தன் கைகளைக் காட்டித்தான் பேசுகிறார். இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி வில்லியம் கேரியும் அப்படித்தான். 1793-இல் வங்காளத்துக்கு வந்தவர் சில வருடம் அவுரித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தார். பிறகு 1801-இலிருந்து கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே வேதாகம மொழிபெயர்ப்பையும் பார்த்தார். அவருடைய ‘முழுநேரத்துக்குள்’ எவ்வளவு உலக வேலை!

சரி, இப்போது நான் என்ன செய்கிறேன்? பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு பொறுப்புகளில் மூன்றை இறக்கி வைத்தேன், ஞாயிறு பள்ளி மட்டும் மிச்சம். போதகரிடம் சொல்லப் போனபோது கை நடுங்கியது. யாத்திராகமம் 18-இல் ஜனங்களின் வழக்குகளையெல்லாம் தனியாகச் சுமந்த மோசேயைப் பார்த்து ‘நீர் செய்கிற காரியம் நல்லதல்ல’ என்று அவருடைய மாமனார் சொன்னதைத்தான் துணைக்கு வைத்துக்கொண்டேன். போதகர் சிரித்துவிட்டு, தனக்கே தனி ஜெபத்துக்கு நேரம் கிடைப்பதில்லை, பாதி நாள் கட்டட வேலையிலும் ரசீதிலும் போகிறது என்றார். முழுநேரத்துக்குப் போனால் நேரம் தானாகக் கிடைத்துவிடும் என்கிற என் கற்பனை அன்றோடு போயிற்று.

மாதக் கடைசியில் வருகிற ஞாயிறு வகுப்பை இன்னொரு அக்கா எடுத்துக்கொள்கிறார். அவர் பள்ளி ஆசிரியை, பரீட்சை சமயத்தில் அவருடைய வகுப்பை நான் எடுப்பேன். காலையில் போனைத் தொடுவதற்கு முன் ஒரு சங்கீதம், கொஞ்ச நேரம் ஜெபம். சில நாள் தூக்கம்தான் ஜெயிக்கும். பகலில், பெர்சிய ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்த நெகேமியாவின் வழி: ‘நீ கேட்கிற காரியம் என்ன’ என்று ராஜா கேட்கிறார், இவர் பதில் சொல்வதற்குள் மனசுக்குள் ஒரு ஜெபம். வேலை நேரத்திலேயே, பானபாத்திரக்காரனாக நின்றபடியே. ஆனால் அந்த நொடி ஜெபத்துக்குப் பின்னால் யூத மாதக் கணக்கில் கிஸ்லேயு தொடங்கி நிசான் வரை, ஏறக்குறைய நான்கு மாத ஜெபம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நொடி ஜெபத்தை மட்டும் நான் ரொம்ப நாள் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் ராஜினாமா விஷயத்துக்கு வருகிறேன். மேலாளர் தொல்லை தாங்காமல் வருகிற ஆசையையும் அழைப்பையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், இரண்டும் திங்கட்கிழமை காலையில் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒன்றிரண்டு ஊழியப் பொறுப்புகளை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, தனி ஜெபத்துக்குத் திரும்புங்கள். வேலை நன்றாகப் போகிற நாளிலும் அந்தப் பாரம் குறையாமல் இருந்தால் போதகரிடமும் வீட்டிலும் உட்கார்ந்து பேசுங்கள். முக்கியமாக, வீட்டுச் செலவுக்கு யார் பொறுப்பு என்பதை வெளிப்படையாகப் பேசுங்கள். அப்படியே கிளம்புவதானாலும், கடைசி நாள் வரை ஒழுங்காக வேலை பார்த்து, பொறுப்புகளை எழுத்தில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் சாட்சி சொல்லப் போன நேரத்தில், பக்கத்து மேசைக்காரர் இரவு 11 மணி வரை உங்கள் வேலையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.