தரை ஏன் இறங்குகிறது? சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: சார், தரை கெட்டியானதுதானே? அது எப்படித் தானாகக் கீழே இறங்கும்?

பதில்: தானாக இறங்குவதைவிட நாம் இறக்குவதுதான் அதிகம். மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்த இடங்களில், மேலிருக்கும் பாரத்தை மண் துகள்களோடு இடுக்குகளில் நிற்கும் நீரின் அழுத்தமும் சேர்ந்து தாங்குகிறது. போர்வெல் போட்டு நீரை உறிஞ்சினால் அந்த அழுத்தம் குறைந்து, பாரம் துகள்களின் தலையில் விழும். மணல் கொஞ்சம்தான் அமுங்கும். வினை களிமண்ணில்தான். அதன் துகள்கள் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி தாறுமாறாகக் கிடப்பவை. பாரம் ஏறியதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிடும்.

கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் பாசனத்துக்கு நீர் எடுத்தே, 1925க்கும் 1977க்கும் இடையில் ஓரிடம் சுமார் 9 மீட்டர் இறங்கியது. நீரியல் அறிஞர் ஜோசப் போலண்ட் அங்கே ஒரு கம்பத்தின் அருகே நிற்கும் புகைப்படம் பிரபலம். '1925' என்ற பலகை அவர் தலைக்கு வெகு உயரத்தில் தொங்கும். அன்றைய தரைமட்டம் அதுதான்.

கேள்வி: நல்ல மழை பெய்து நீர்மட்டம் ஏறினால் நிலமும் பழையபடி ஏறிவிடுமா?

பதில்: பெரும்பாலும் ஏறாது. வெனிஸில் 1950 முதல் 1970 வரை நீர் உறிஞ்சியதால் சுமார் 12 செ.மீ. இறங்கியது, நிறுத்திய பிறகு மீண்டது சுமார் 2 செ.மீ. ஆனால் நிறுத்தினால் இறக்கம் நாளடைவில் நிற்கும், அது பெரிய விஷயம். டோக்கியோ நிலத்தடி நீர் எடுக்கக் கட்டுப்பாடு போட்டுத்தான் தப்பித்தது. இன்னொன்று, தடித்த களிமண் அடுக்கிலிருந்து நீர் மெல்லத்தான் வெளியேறும். அதனால் பம்பை நிறுத்திய பிறகும் சில காலம் தரை இறங்கிக்கொண்டே இருக்கலாம்.

கேள்வி: தண்ணீர் எடுக்காத இடம் என்றால் பயமில்லையா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. நெதர்லாந்தின் குரோனிங்கனில் இயற்கை எரிவாயு எடுத்ததால் நிலமும் இறங்கியது, நிலநடுக்கமும் வந்தது. சதுப்பு நிலத்தை வடித்து விவசாயம் செய்தால், மக்கிய தாவர மண் காற்று பட்டு மெல்லக் கரைந்தே போகும். சுரங்கம் சரிவது, சுண்ணாம்புப் பாறை கரைந்து திடீர்ப் பள்ளம் விழுவது எல்லாம் தனிக் கதை.

கேள்வி: ஊரே சேர்ந்து இறங்கினால் என்ன குடிமுழுகிவிடும் அண்ணா?

பதில்: கடலோரம் என்றால் நிஜமாகவே முழுகும், இந்தோனேசியாவின் வட ஜகார்த்தாவைப் பாருங்கள். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் சிக்கல், எல்லா இடமும் ஒரே அளவில் இறங்காததுதான். பழைய ஏரிப்படுகை மேல் நிற்கும் மெக்சிகோ சிட்டியில் சில பகுதிகள் ஆண்டுக்கு அரை மீட்டர் வரை இறங்குகின்றன. அங்குள்ள சுதந்திர தேவதைத் தூண் ஆழமான அஸ்திவாரத்தில் நிற்கிறது. சுற்றிலும் தரை இறங்கியதால் 14 படிகள் கூடுதலாகக் கட்ட வேண்டியதாயிற்று. பார்க்க வேடிக்கைதான். ஆனால் சரிவை நம்பிக் கட்டிய சாக்கடைக் கால்வாய் சரிவை இழந்தால், கழிவுநீரைப் பம்ப் வைத்துத்தான் தள்ள வேண்டும். அங்கே அதுவும் நடந்தது.

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரில் விரிசல். இதுவும் நிலம் இறங்குவதாலா?

பதில்: வீட்டளவில் பெரும்பாலும் காரணம் வேறு: சரியாக இறுகாத நிரப்பு மண், கசியும் குழாய், ஈரத்தில் உப்பிக் காய்ந்து சுருங்கும் களிமண். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, ஒரு முனை அகலமாக ஓடும் விரிசல் என்றால் அஸ்திவாரத்தைச் சந்தேகிக்கலாம். விரிசலின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டாலோ அகலம் கூடினாலோ, பூச்சு வேலைக்காரரைக் கூப்பிடாமல் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.