வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கத்தைப் பூங்காவாகத் திறப்பதில் என்ன சிக்கல்?

"வருடம் முழுக்கக் காய்ந்துதானே கிடக்கிறது, மக்களுக்குத் திறந்துவிடலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். திறக்கலாம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1940களில் கட்டிய ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களுக்குள் பெரிய பூங்காக்களே இருக்கின்றன. நிலம் ராணுவப் பொறியாளர் படையுடையது, பூங்காவை நடத்துவது உள்ளூர் நிர்வாகம். இந்த இரட்டை ஆட்சியே பாதித் தலைவலி.

மீதித் தலைவலி தண்ணீர். அங்கே முதல் உரிமை அதற்குத்தான். கீழே இருக்கும் நகரம் மூழ்காமலிருக்க மதகை மூடினால், மைதானமும் நடைபாதையும் தண்ணீருக்குள் போய்விடும். 2017 ஹார்வி புயலில் வாரக்கணக்கில் தண்ணீர் நின்றது. அது வடிந்த பிறகு வண்டல், குப்பை, செத்த மரங்கள். வெள்ளத்தில் கொத்துக் கொத்தாக மிதந்து வரும் நெருப்பெறும்புகள் வேறு! கழிப்பறை, மின்பெட்டி எல்லாவற்றையும் நனையும் என்று தெரிந்தே அமைக்க வேண்டும், அல்லது மேட்டில் வைக்க வேண்டும். சரி, மேட்டுக்கு மண் கொட்டலாமா? கொட்டிய அளவுக்குக் கொள்ளளவு குறையும். அதே அளவு மண்ணை உள்ளேயே வேறிடத்தில் தோண்டி எடுத்தாக வேண்டும்.

என்னைக் கேட்டால், நடைபாதை, சைக்கிள் பாதை, புல்வெளி போதும். உணவகம், அரங்கம் என்று ஆரம்பித்தால், அப்புறம் மதகை மூடும் நேரத்தில் "கொஞ்சம் பொறுங்கள்" என்று ஒரு கூட்டம் வந்து நிற்கும்.