அரசு யார் பெயரால் நிற்கிறது? கடவுள், மக்கள், சட்டம்: கேள்வி பதில்

மதுரையிலிருந்து: நம் அரசியலமைப்பின் முகவுரையில் கடவுள் பெயர் இல்லையே. அன்று யாரும் கேட்கவில்லையா?

கேட்டார்கள். 1949 அக்டோபர் 17 அன்று, அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில், உறுப்பினர் எச்.வி. காமத், முகவுரை ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்க வேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தார். கடவுளை வாக்கெடுப்புக்கு விடும் நிலைக்கு எங்களைத் தள்ளாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி வேண்டினார். திருவிதாங்கூரின் பட்டம் தாணுப்பிள்ளை, இது நம்பிக்கையைக் கட்டாயமாக்குவதாகும் என்று எதிர்த்தார். காமத் விடவில்லை. ஆதரவு 41, எதிர்ப்பு 68, திருத்தம் தோற்றது. இதை நாத்திகத்தின் வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள். பதவியேற்பு உறுதிமொழியில் கடவுள் பெயரைச் சொல்ல இடம் வைத்ததும் இதே அவைதான். ஆளும் அதிகாரம் ‘மக்களாகிய நாம்’ என்பதிலிருந்து வருகிறது. நம்பிக்கை அவரவர் உரிமை. அவர்கள் பிரித்தது இதைத்தான்.

சேலத்திலிருந்து: ‘சமயச் சார்பற்ற’ என்ற சொல் 1976இல் நுழைந்ததுதானே? அதை எடுத்துவிட்டால்?

சொல் 42ஆம் திருத்தத்தில் வந்தது. கொள்கை அதற்கு முந்தியது. சமத்துவத்தையும் சமய உரிமையையும் தரும் 14, 15, 16, 25 முதல் 28 வரையிலான உறுப்புகள் 1950 முதல் இருக்கின்றன. கேசவானந்த பாரதி வழக்கில் தலைமை நீதிபதி சிக்ரி, அரசியலமைப்பின் சமயச் சார்பற்ற தன்மையை, நாடாளுமன்றம் திருத்தத்தாலும் அழிக்க முடியாத அடிப்படைக் கட்டமைப்பில் சேர்த்தது 1973இல், அதாவது சொல் வருவதற்கு மூன்றாண்டு முன்னால். சொல்லை மட்டும் எடுத்தால் சட்டநிலை மாறாது.

திருச்சியிலிருந்து: சட்டமன்ற உறுப்பினர் தன் குலதெய்வத்தின் பெயரால் பதவியேற்கலாமா?

கூடாது. உறுதிமொழி வாசகங்களைத் தரும் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை இரண்டே வழிதான் தருகிறது: ‘கடவுள் பெயரால்’ அல்லது ‘உளமார’. கேரளத்தில் 2001இல் ஓர் உறுப்பினர் ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் எடுத்த உறுதிமொழி செல்லாது என்று அம்மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செல்லாத உறுதிமொழியோடு அவையில் அமர்வதோ வாக்களிப்பதோ வெறும் மரபு மீறல் அல்ல. 193ஆம் உறுப்பின்படி நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் உண்டு.

கும்பகோணத்திலிருந்து: சமயச் சார்பற்ற அரசுக்குக் கோயிலில் என்ன வேலை ஐயா? அறநிலையத் துறையே முரண்பாடு இல்லையா?

பலரும் இடறும் இடம் இது. அமெரிக்காவில் உள்ளதுபோல மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர் எழுப்புவது நம் ஏற்பாடு அல்ல. 25(2)(அ) உறுப்பு, சமயத்தோடு ஒட்டிய பொருளாதார, நிதி நடவடிக்கைகளை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்கிறது. 26ஆம் உறுப்பு, சமயக் காரியங்களைத் தாமே நடத்தும் உரிமையைச் சமயப் பிரிவுகளுக்குத் தருகிறது; சொத்து நிர்வாகத்தையும் தருகிறது, ஆனால் ‘சட்டப்படி’ என்ற நிபந்தனையோடு. எனவே எந்தச் சர்ச்சை வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இது வழிபாடா, நிர்வாகமா?

கோடு எங்கே என்பதை 1954இல் உடுப்பியின் சிரூர் மட வழக்கு காட்டியது. எந்தப் பூசை, எந்த நேரம், என்ன நைவேத்தியம் என்பதெல்லாம் சமயத்தார் முடிவு. கணக்கு, குத்தகை, தணிக்கை ஆகியவற்றை அரசு கேட்கலாம். அதே தீர்ப்பு, 1951 சென்னைச் சட்டம் விதித்த 5 விழுக்காடு வரையிலான வசூலை ரத்துசெய்தது. பணம் அரசின் தொகுப்பு நிதியில் கலந்தது, செய்த சேவைக்கும் வசூலுக்கும் தொடர்பு காட்டப்படவில்லை. ஆகவே அது கட்டணம் அல்ல, வரி; அப்படியொரு வரி விதிக்க மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை.

அர்ச்சகர் விஷயத்திலும் இதே கோடுதான். வாரிசு முறையை ஒழித்த தமிழகத் திருத்தத்தை 1972 சேஷம்மாள் வழக்கு ஏற்றது. நியமனம் உலகியல் செயல், ஆனால் நியமிக்கப்படுபவர் அந்தக் கோயிலின் ஆகமத்துக்குப் பொருந்த வேண்டும் என்றது.

அரசு தவறும் இடமும் உண்டு. நிர்வாகக் கேட்டைச் சரிசெய்ய நுழைந்துவிட்டு வெளியேறாமல் இருப்பது அது. சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கில் 2014 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம், குறை தீர்ந்ததும் நிர்வாகத்தைத் திருப்பித் தர வேண்டும், காலவரம்பின்றி வைத்திருக்க முடியாது என்றது. அரசு நிர்வாகத்தை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் முதலில் கோயிலுக்கு அரசு நிர்வாக அதிகாரியை நியமித்த ஆணையை வாங்கி, அதில் காரணமும் காலவரம்பும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். என் பார்வையில், கோயிலில் அரசு இருக்கலாமா என்ற பெரிய விவாதத்தைவிட இந்த இரண்டு வரிகள்தான் பயன் தரும்.

நாகர்கோவிலிலிருந்து: குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்கென வரி கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறதே 27ஆம் உறுப்பு; எங்கள் கோயில்களுக்கு அரசுப் பணம் தருவது அதற்கு எதிரானதா?

இல்லை. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தபோது வந்த கோயில்களுக்கு, ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 290அ உறுப்பே சொல்கிறது. கேரளம் தன் பங்காகத் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கு 46.5 லட்சம் தர வேண்டும். திருவிதாங்கூர் அரசு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, திவான் மன்றோ காலத்தில், கோயில் நிலங்களைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. அந்தப் பின்னணியில் இதைச் சலுகை என்பதைவிடக் கடன் என்பதே பொருத்தம்.

யாழ்ப்பாணத்திலிருந்து: இலங்கையில் இறைமை மக்களிடம் என்றுதானே எழுதியிருக்கிறது? அப்படியானால் அதுவும் சமயச் சார்பற்ற அரசுதானா?

இல்லை. இலங்கை அரசியலமைப்பின் 3ஆம் உறுப்பு இறைமையை மக்களிடம் வைக்கிறது. 9ஆம் உறுப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்து, அதைப் பேணுவதை அரசின் கடமையாக்குகிறது. ஏனைய மதத்தவருக்கு 10, 14(1)(உ) உறுப்புகள் தரும் மத நம்பிக்கை, வழிபாட்டு உரிமைகள் உண்டு, ஆனால் சமநிலை இல்லை. எந்த மதத்தவருக்கும் தனிச் சலுகை தரும் சட்டத்தைத் தடுத்த, சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியல் யாப்பின் 29(2) பிரிவு 1972இல் கைவிடப்பட்டது. 9ஆம் உறுப்பை மாற்ற நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் மட்டும் போதாது. 83ஆம் உறுப்பின்படி பொதுவாக்கெடுப்பிலும் வெல்ல வேண்டும்.