சிறு உற்பத்தித் தொழிலுக்கு அரசு விதிகள் உண்மையிலேயே சுமையா?

கேள்வி கேட்டவர் இப்படி முடித்திருக்கிறார்: "எந்தச் சிறு முதலாளியைக் கேட்டாலும் விதிமுறை கழுத்தை நெரிக்கிறது என்கிறார். நிஜமா, இல்லை வரி கட்டாமல் இருப்பதற்குச் சொல்லும் சாக்கா?"

மதுரை சிந்தாமணிப் பக்கம் 14 வருடமாக அப்பளம் போடுகிறேன். அப்பா காலத்தில் எல்லாமே கையால் தேய்த்தது. இப்போது மாவு பிசையவும் தேய்க்கவும் மிஷின் இருக்கிறது, வேலைக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். சுமை நிஜம்தான். ஆனால் வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நினைக்கிற இடத்தில் அது இல்லை.

வரியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, 2017 ஜூலையில் வந்த நாளில் இருந்தே. "அப்புறம் உங்களுக்கு என்ன கவலை?" என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். விற்கிற பொருளுக்கு வரி இல்லை என்றால், வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. பாக்கெட் போடுகிற பிலிம் ரோலுக்கு 18 சதவீதம், மிஷினுக்கு 18 சதவீதம். பிஸ்கட் கம்பெனி அதைக் கணக்கில் நேர்செய்துவிடும். எங்களுக்கு அது அடக்க விலையிலேயே தங்கிவிடுகிறது. சரி, அதையாவது முன்கூட்டியே கணக்குப் போட்டு விலை வைக்கலாம்.

கணக்குப் போட முடியாதது நாட்கள். எங்கள் தொழிலில் உளுந்து எப்படி மூலப்பொருளோ, வெயிலும் அப்படித்தான். தேய்த்த அப்பளத்தை விரித்துவிட்டு, ஓரம் லேசாகச் சுருள ஆரம்பிக்கும்போது எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் விறைத்து, அடுக்கும்போதே உடையும். ஈரத்தோடு எடுத்தால் பாக்கெட்டுக்குள் பூஞ்சை பிடிக்கும். கையில் எடுத்து வளைத்துப் பார்த்துத்தான் பதம் சொல்ல முடியும். எங்கள் பட்டறையில் அதைச் சொல்வது நானும் வேலை செய்யும் ஒரு அக்காவும்தான். நான் ஒரு அலுவலகத்துக்குப் போகிறேன் என்றால் அன்றைக்குப் பாதி மாவுதான் பிசைவோம். அதிகாரி வரவில்லை, நாளை வாருங்கள் என்றால் மறுநாளும் பாதிதான்.

கட்டணம் என்று பார்த்தால் பெரிதில்லை. நான் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எடுத்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சத்தைத் தாண்டினால் மாநில லைசென்ஸ். நாளுக்கு ஒரு டன்னுக்குக் கீழ் உற்பத்தி என்பதால் வருடத்துக்கு 3,000 ரூபாய். அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அதோடு தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை வேண்டும், வேலை செய்கிற அத்தனை பேருக்கும் மருத்துவச் சான்று வேண்டும், மே 31-க்குள் ஆண்டு ரிட்டர்ன் போட வேண்டும். தராசுக்கு முத்திரை தனி. மாதாமாதம் 15-ஆம் தேதிக்குள் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு இணையதளம், வேறு பாஸ்வேர்டு. அதே வாடகை ஒப்பந்தத்தையும் அதே ஆதாரையும் எத்தனை முறை ஏற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆயிரம் பேர் வேலை செய்கிற ஆலையில் இதற்கென்று ஒரு பிரிவே இருக்கும். இங்கே பதம் பார்க்கிற கைதான் படிவத்தையும் நிரப்புகிறது.

என்னை மிகவும் வருத்திய விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாக்கெட்டில் அதிகபட்ச விலை, எடை, முகவரி எல்லாம் முன்பே அச்சடித்துத்தான் வந்தோம். 2022-இல் அதோடு ஒரு கிராம் என்ன விலை என்றும் போட வேண்டும் என்று விதி வந்தது. வாங்குகிறவருக்கு நல்ல விதிதான். 200 கிராம் பாக்கெட்டை 180 ஆக்கி அதே விலைக்கு விற்பவர்களைச் சாதாரண மக்கள் சுலபமாகக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் அச்சடித்த பிலிம் நாலு பாக்கெட்டுக்கு ஆகுமளவு கிடைக்காது, ரோல் கணக்கில்தான் தருவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அச்சு உருளை (சிலிண்டர்) வெட்ட வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த நிறத்துச் சிலிண்டர் புதிது. அப்போது என்னிடம் பழைய அச்சில் நூற்று முப்பது கிலோ பிலிம் இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டலாமா என்று விசாரித்தேன். ஒருவர் ஒட்டலாம் என்றார், இன்னொருவர் ஒட்டினால் அபராதம் என்றார். எழுத்தில் தரச் சொன்னால் இருவருமே தரவில்லை. பயந்துபோய் பாதிக்கு மேல் பழைய பிளாஸ்டிக் விலைக்குப் போட்டேன். அந்த வருடம் தீபாவளி போனஸை இரண்டு தவணையாகத்தான் கொடுக்க முடிந்தது. அதை இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

மின்சாரம் அடுத்தது. ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லாததால் மின் உலர்த்தி ஒன்று வாங்கினேன். அது சேர்ந்ததும் இணைப்பின் பளு, அதாவது எல்லா மிஷினும் சேர்ந்து இழுக்கிற மின்சார அளவு, 12 கிலோவாட்டைத் தாண்டியது. 12 வரை குறுந்தொழில் கட்டணம், தாண்டினால் மற்ற தொழிற்சாலைகளோடு சேர்ந்த கட்டணம். 2022 செப்டம்பர் உயர்வில் இந்தப் பிரிவுக்கு நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு 35 ரூபாயில் இருந்து 75 ஆனது, அதுவும் 50 கிலோவாட்டுக்குள் இருப்பவர்களுக்கு. மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற உலர்த்திக்காகப் பன்னிரண்டு மாதமும் கட்டுகிறேன். மின் தேவை அதிகமாக இருக்கும் உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் 25 சதவீதம் என்று வைத்து, 2023-இல் சிறு தொழில்கள் ஒரு நாள் கதவடைத்துப் போராடிய பிறகு 15 ஆகக் குறைத்தார்கள். கேட்டால் கிடைக்கிறது, ஆனால் கேட்பதற்கும் ஒரு நாள் வேலையை நிறுத்த வேண்டியிருக்கிறது.

எல்லா விதியும் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள், பத்தானால் இ.எஸ்.ஐ. வந்துவிடும் என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் நிறைய. பத்தாவது ஆளை எடுத்துப் பதிவும் செய்தேன். நான் சம்பளத்தில் 3.25 சதவீதம், அவர்கள் 0.75. அடுத்த வருடமே நான் மேலே சொன்ன அதே அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கைக்காசு இல்லாமல் முடிந்தது. கந்துவட்டிக்குப் போகாமல் ஒரு குடும்பம் தப்பியது. அந்த 3.25-ஐச் சுமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நான் கேட்பது இரண்டுதான். லேபிள் விதியை மாற்றினால், கையில் இருக்கிற அச்சிட்ட பிலிம் தீரும்வரை ஓட்டலாம் என்று அந்த ஆணையிலேயே தெளிவாக எழுதுங்கள். பத்துப் பேர் வேலை செய்கிற இடத்துக்கு எல்லாப் புதுப்பித்தலையும் ஒரே மாதத்தில், ஒரே விண்ணப்பத்தில் வையுங்கள். மதுரையில் அடைமழை பெய்கிற ஐப்பசியில் வைத்தால் ஒரு வாரம் முழுக்க அலைய நான் தயார்.

நீங்கள் தொழில் தொடங்குகிற யோசனையில்தான் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால், உலர்த்தியோ மோட்டாரோ வாங்கும் முன் மொத்தப் பளுவைக் கூட்டிப் பாருங்கள். பிலிம் மூன்று மாதத்துக்கு மேல் எடுக்காதீர்கள், கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றாலும். அதிகாரி வாய்மொழியாகச் சொன்னதை அன்றே தேதியோடு எழுதி, மனுவாகக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதைப் பல வருடம் கழித்துத்தான் கற்றுக்கொண்டேன்.